அட்லாண்டாவில் கறுப்பினத்தவரின் சிறுகடைகளை அடையாளம் கண்டு வாடிக்கையாளராவது எப்படி

அட்லாண்டா மாநகர மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 14 சதவீதத்தை ஒட்டியது. ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் அமெரிக்க நிறுவனங்களில் அவர்களுக்குச் சொந்தமானவை சுமார் 3 சதவீதம்தான். மற்ற கறுப்பினத் தொழில்களில் பெரும்பாலானவை ஒற்றை ஆள் கடைகள். சமைப்பவர், கல்லாவில் நிற்பவர், போனை எடுப்பவர், இன்ஸ்டாகிராமில் படம் போடுபவர் எல்லாம் ஒருவரே. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஆல்ஃபாரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கம் குடியிருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை. அங்கிருந்து நகரின் தெற்கும் மேற்கும் தொலைவுதான், ஆனால் போகமுடியாத தொலைவு இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிடித்த பொருளை முழு விலைக்கு, திரும்பத் திரும்ப வாங்குங்கள். ஜூன் மாதம் ஒரே நாளில் 200 டாலர் செலவழித்துவிட்டு மறந்துபோகிறவரைவிட, மாதம் 20 டாலர் வீதம் வருஷம் முழுக்க வருகிறவரால்தான் கடைக்காரர் வாடகைக் கணக்குப் போடமுடியும்.

எங்கே தேடுவது

பழைய வரலாறு தெரிந்தால் தேடும் இடமும் தெரியும். 1906 செப்டம்பரில் வெள்ளையர் கும்பல்கள் நகர மையத்தில் கறுப்பினத்தவரைத் தாக்கிக் கொன்று கடைகளை அடித்து நொறுக்கின. அதன்பின் கறுப்பின வணிகம் கிழக்கே ஆபர்ன் அவென்யூவுக்கு நகர்ந்து அங்கே செழித்தது. அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தகங்கள் நடத்திச் சேர்த்த பணத்தில் 1905-ல் காப்பீட்டுத் தொழிலில் இறங்கிய அலோன்சோ ஹெர்ண்டனின் அட்லாண்டா லைஃப் நிறுவனம் அந்தத் தெருவில்தான் வளர்ந்தது. 1956-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை அதை உலகிலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று எழுதியது. பிறகு டவுன்டவுன் கனெக்டர் நெடுஞ்சாலையை அந்தப் பகுதியின் குறுக்கே போட்டார்கள். தெரு இரண்டாகப் பிளந்தது, வாடிக்கையாளர்கள் சிதறினார்கள்.

ஆகவே ஸ்வீட் ஆபர்ன் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதிக்குப் போய் நான்கு கடை பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று திரும்பாதீர்கள். இன்றைய கடைகள் வெஸ்ட் எண்ட், காஸில்பெர்ரி ஹில், மார்ட்டின் லூதர் கிங் டிரைவ், காஸ்கேட் சாலை, கிரீன்பிரையர் மால் என்று பரவிக் கிடக்கின்றன. நகருக்கு வெளியே ஈஸ்ட் பாயின்ட், காலேஜ் பார்க், டெகால்ப் கவுண்டியில் லித்தோனியா, ஸ்டோன் மவுன்டன் பக்கமும் நிறைய. கார் ஓட்ட அலுப்பாக இருந்தால் நார்த் ஸ்ப்ரிங்ஸில் வண்டியை விட்டுவிட்டு மார்ட்டா ரெட் லைன் ஏறினால் நேராக வெஸ்ட் எண்ட். இரவு நேரமானால் லிண்ட்பர்க்கில் ரயில் மாற வேண்டியிருக்கலாம், திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் நம்பவேண்டாம். எட்ஜ்வுட் அவென்யூவில் 1924 முதல் இருக்கும் முனிசிபல் மார்க்கெட்டை ஸ்வீட் ஆபர்ன் கர்ப் மார்க்கெட் என்றும் சொல்வார்கள். இனப்பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பின வியாபாரிகளை உள்ளே விடாமல் வெளியே நடைபாதை ஓரத்தில் மட்டும் விற்கவிட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்று உள்ளே பல இனத்தவரின் கடைகளும் கலந்திருக்கின்றன, ஒவ்வொரு கடையாகத்தான் பார்க்கவேண்டும்.

உரிமையாளர் யார் என்று பார்ப்பது

பொதுவாக ஏற்கும் அளவுகோல் 51 சதவீதம். பங்கில் குறைந்தது அவ்வளவு கறுப்பினத்தவர் கையில் இருக்கவேண்டும், அன்றாட நிர்வாகமும் அவர்களிடமே இருக்கவேண்டும். இதற்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள் உண்டு, அவற்றில் பெரியது நேஷனல் மைனாரிட்டி சப்ளையர் டெவலப்மென்ட் கவுன்சில். ஆனால் அந்தச் சான்றிதழ் பெரிய கம்பெனிகளுக்கு விற்கிறவர்களுக்குத்தான் பயன்படும். பை (pie) சுட்டு விற்கிறவர் கட்டணம் கட்டி, வரிக் கணக்கெல்லாம் கொடுத்து அதை வாங்க ஒரு காரணமும் இல்லை. சான்றிதழ் இருந்தால் நம்பலாம், இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

சாதாரண வாடிக்கையாளருக்கு இந்த வரிசை போதும்:

1. கூகுள் மேப்ஸில் கடையின் விவரப் பகுதியைப் பாருங்கள். கறுப்பினத்தவருக்குச் சொந்தமானது என்று கடைக்காரரே குறித்துக்கொள்ளும் வசதி 2020 ஜூலையில் வந்தது. யெல்ப் என்ற விமர்சனத் தளத்திலும் அப்படி ஒன்று உண்டு. இரண்டுமே கடைக்காரர் தாமாகச் சொல்வது. கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் போகாத பழைய கடைகளில் இந்தக் குறி இருக்காது.

2. அட்லாண்டா பிளாக் சேம்பர்ஸ் என்ற வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், உணவகங்களுக்கு ஈட்ஓக்ரா செயலி. ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ் கொன்றதையொட்டி 2020 கோடையில் எழுந்த ஆதரவு அலையில் அவசரமாகத் தொகுத்த பட்டியல்களைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் மூடிப்போன கடைகள் மிகுதி.

3. கடையின் வலைத்தளத்தில் தங்களைப் பற்றிச் சொல்லும் பக்கம். உரிமையாளர் பெயரும் படமும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

4. கிளம்பும் முன் கடை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் யாராவது விமர்சனம் எழுதியிருக்கிறார்களா, இன்ஸ்டாகிராமில் கடந்த இரண்டு வாரத்தில் படம் போட்டிருக்கிறார்களா, போன் எடுக்கிறார்களா. மூன்றில் இரண்டு இருந்தால் கிளம்பலாம். நேரத்தைக் கூகுளில் பார்ப்பதைவிட இன்ஸ்டாகிராமில் பார்ப்பது நல்லது. ஒற்றை ஆள் கடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவு திறக்காது, அந்தச் செய்தி அங்கேதான் வரும்.

கல்லாவில் நிற்பவரின் தோல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. கறுப்பினப் பெண்கள் முடிக்குப் பொருள் வாங்கும் பியூட்டி சப்ளை கடைகளில் பெரும்பாலானவை கொரிய அமெரிக்கர்களுக்குச் சொந்தம், வேலை செய்பவர்கள் கறுப்பினத்தவராக இருக்கலாம். விமான நிலையத்தில் இதற்கு நேர்மாறு. அட்லாண்டா மேயராக இருந்த மேனார்ட் ஜாக்சன் 1970-களில் விமான நிலைய ஒப்பந்தங்களில் சுமார் 25 சதவீதம் சிறுபான்மையினருக்கு வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். அந்த வழியில் வந்த கூட்டு ஒப்பந்தங்களில், பெயர்ப்பலகை நாடறிந்த சங்கிலிக் கடையினுடையதாக இருக்க, பின்னால் உள்ளூர்க் கறுப்பினப் பங்காளி இருப்பதுண்டு.

பாட்டிலில் அடைத்த பொருள்களில் இன்னும் கவனம் தேவை. ஷீமாய்ஸ்ச்சர் 2017-ல் யூனிலீவர் கைக்குப் போனது. மியெல் ஆர்கானிக்ஸை 2023-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. நிறுவியவர் படம் விளம்பரத்தில் தொடர்ந்து வரும், லாபம் வேறெங்கோ போகும். வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதைச் சிறுகடைக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நேரில் கேட்பதாக இருந்தால், 'நீங்கள் கறுப்பினக் கடையா' என்று எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். கடை யாருடையது, எத்தனை வருஷமாக நடக்கிறது என்று கேளுங்கள். நம் ஊர்க் கடைக்காரர்போலவே அவரும் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பதில் சொல்வார்.

சாப்பிடப் போகும்போது

ஆரம்பிக்க எளிதான இடம் உணவகம். பாஸ்கல்ஸ், பிஸி பீ கஃபே இரண்டும் 1947-ல் தொடங்கியவை. மனித உரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசிய இடம் பாஸ்கல்ஸ். பிஸி பீ 2022-ல் உணவகங்களுக்கான ஜேம்ஸ் பியர்டு விருது பெற்றது. கோழிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டில் எதற்குப் போனாலும் குறை இருக்காது. பிஸி பீயில் மதிய வரிசை நீளம், ஆகவே வாரநாளில் மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள்.

சைவர்களுக்குத்தான் சங்கடம். சோல் ஃபுட் (அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினச் சமையல்) உணவகத்தில் காய்கறித் தட்டு என்று கேட்டு வாங்கினாலும் அதில் இறைச்சி இருக்க வாய்ப்பு அதிகம். தெற்கத்திச் சமையலில் கீரையும் பயறும் சுவை பெறுவதே புகையூட்டிய இறைச்சியால்தான். கேட்கவேண்டியவை இவை:

- காலர்ட் கீரையில் பன்றி முழங்காலோ புகையூட்டிய வான்கோழியோ போட்டிருக்கிறார்களா? பன்றி இல்லை என்று பலகையில் எழுதியிருந்தாலும் வான்கோழி இருக்கும்.
- காராமணி, பச்சை பீன்ஸ் இரண்டுக்கும் அதே கேள்வி. சாதத்தில் கோழி வேகவைத்த நீர் சேர்க்கிறார்களா?
- சோள ரொட்டியில் பன்றிக்கொழுப்பு உண்டா? முட்டை அநேகமாக இருக்கும்.
- வறுத்த வெண்டைக்காயும் கோழியும் கெளுத்தியும் ஒரே எண்ணெயா? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.
- சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ இருந்தால் அதில் ஜெலட்டின் உண்டு.

இத்தனையும் கேட்டுக் கடைசியில் மாக்கரோனியும் சீஸும் மட்டும் சாப்பிட்டுத் திரும்புவதற்கு, வெஸ்ட் எண்டில் ரால்ஃப் டேவிட் அபர்நாதி புலவார்டு போய்விடலாம். பால்கூடச் சேர்க்காத கறுப்பினச் சமையல் பல்லாண்டுகளாக நடக்கும் பகுதி அது. டசிலீஸ் ரா ரியாலிட்டி அங்கே பெயர்பெற்றது. இன்னொரு வழி எத்தியோப்பிய உணவகம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நோன்பிருப்பதால் விரதச் சாப்பாடு அவர்களிடம் முழுதாக வளர்ந்த ஒரு சமையல். ஆப்பத்தைப்போல் புளித்த மாவில் ஊற்றிய இன்ஜெராமேல் பருப்பு, கீரை, கோஸ் எல்லாம் சுற்றி வைத்துத் தருவார்கள். நோன்புத் தட்டு என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ஷிரோ (கடலைமாவுக் குழம்பு) கேட்டால் மசாலா வெண்ணெயில் தாளித்தது வரக்கூடும்.

பணம் கொடுக்கும் விதம்

கடைக்குக் கையில் நிற்கும் தொகை இங்கேதான் மாறுகிறது. டெலிவரி செயலிகள் உணவகத்திடம் திட்டத்தைப் பொறுத்து 15 முதல் 30 சதவீதம்வரை எடுத்துக்கொள்கின்றன. 40 டாலர் ஆர்டரில் 30 சதவீதம் என்றால் 12 டாலர் போய்விட்டது. மிச்சம் 28-ல் அரிசி, எண்ணெய், கூலி, வாடகை. நன்றாக ஓடும் உணவகத்திலேயே டாலருக்கு மூன்று முதல் ஐந்து சென்ட்தான் லாபம் நிற்கும். உட்கார்ந்த இடத்தில் செயலியில் வாங்கிவிட்டு ஆதரித்தோம் என்பது அநேகமாகச் செயலியை ஆதரித்ததுதான்.

போன் செய்து ஆர்டர் கொடுத்து நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளில் தெரியும் ஆர்டர் பொத்தான் பல சமயம் இடைத்தரகர் செயலிக்கே கொண்டுபோகும், ஆகவே கடையின் சொந்த வலைத்தளத்துக்குள் போய்ப் பாருங்கள். கார்டில் கொடுத்தால் ஏறக்குறைய 3 சதவீதம் கழியும். பெரிய தொகையில் அது உறுத்தும், பத்து டாலருக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கேஷ் ஆப் என்ற செயலி வழியே பணம் கேட்டால், அது கடையின் வணிகக் கணக்கா தனி ஆளின் கணக்கா என்று பாருங்கள். பொருளை கையில் வாங்கிக்கொண்டு அனுப்புவதில் பிரச்சினை இல்லை. முன்கூட்டியே தனிக் கணக்குக்கு அனுப்பிப் பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். ஜார்ஜியாவில் டிப்ஸ் பெறும் பரிமாறுநருக்கு முதலாளி கொடுத்தாகவேண்டிய மணிக்கூலி 2.13 டாலர்தான், மீதி சாப்பிட வருகிறவர் தரும் டிப்ஸிலிருந்துதான். பேரம் பேசாதீர்கள். 'பத்து வாங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள்' என்பது நமக்குக் கைவந்த கேள்வி, ஆனால் ஒற்றை ஆள் கடையில் அந்தத் தள்ளுபடி அவருடைய கூலியிலிருந்துதான் வரும்.

கிஃப்ட் கார்டு வாங்குவது வட்டியில்லாத கடன் மாதிரி வேலை செய்யும். ஜனவரி, செப்டம்பர் போன்ற மந்தமான மாதங்களில் வாங்குங்கள், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். அதற்குமேல் வைத்திருந்து கடை மூடிவிட்டால் உங்களுக்கும் நஷ்டம், மனக்கசப்பும் மிச்சம்.

சாப்பாட்டைத் தாண்டி

வீட்டுச் செலவில் பெரிய தொகைகள் உணவகத்தில் போவதில்லை. ஏசி பழுது, குழாய் வேலை, வரிக்கணக்கு, வீடு வாங்க வக்கீல், பிறந்தநாள் போட்டோகிராபர் இவற்றில்தான் போகின்றன. ஒரு தடவை ஏசி மாற்றும் செலவு பல வருஷத்து மதியச் சாப்பாட்டுக்குச் சமம். அடுத்த முறை மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்கும்போது அதில் ஒருவர் பிளாக் சேம்பர்ஸ் பட்டியலிலிருந்து இருக்கட்டும். இரக்கத்தால் சோதனையைத் தளர்த்தவேண்டாம். மின்சாரம், குழாய், ஏசி வேலைகளுக்கு ஜார்ஜியாவில் மாநில உரிமம் வேண்டும். வீட்டுக் கட்டுமான வேலை 2,500 டாலரைத் தாண்டினாலும் பொதுவாக அப்படியே. மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் வலைத்தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். காப்பீட்டுச் சான்று கேளுங்கள், முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

முடிதிருத்தகத்தில் நாற்காலிக்கு வாரவாடகை கட்டும் ஒவ்வொரு பார்பரும் தனி வணிகர். பெரும்பாலும் புக்ஸி போன்ற செயலியில் முன்பதிவு. 15 நிமிடம் தாமதித்தால் இடம் போய்விடும், முன்பணமும் போகலாம். நம்முடைய நேர்முடிக்குக் கத்தரி வேலை தெரிந்தவரா என்று அவர் போட்டிருக்கும் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெஷின் வேலையில் மன்னரான ஒருவர் கத்தரியில் அதிகம் பழகாதவராக இருக்கலாம்.

புத்தகத்துக்கு கிரீன்பிரையர் மாலில் மேடு புக்ஸ்டோர் இருக்கிறது. பரிசுப்பொருள், உடை, சோப்பு என்று பல சிறு தயாரிப்பாளர்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் லக்கீஷா ஹால்மன் தொடங்கிய வில்லேஜ் மார்க்கெட்டின் கடையும் சந்தைகளும் வசதி.

வங்கியும் ஒரு கடைதான். 1921-ல் அட்லாண்டாவில் தொடங்கிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட் பேங்க் கறுப்பினத்தவருக்குச் சொந்தமானது, ஒருவரின் டெபாசிட்டுக்கு 2,50,000 டாலர்வரை எஃப்டிஐசி என்ற அரசு அமைப்பின் காப்பீடு உண்டு. 2016 ஜூலையில் ராப் பாடகர் கில்லர் மைக் அழைத்ததும் ஆயிரக்கணக்கானோர் அங்கே கணக்குத் திறந்தார்கள். இதில் ஒரு சிக்கல்: 100 டாலர் போட்டுவிட்டு அப்படியே விடும் கணக்கைப் பராமரிக்க ஆகும் செலவு, அதிலிருந்து வரும் வருமானத்தைவிட அதிகம். ஆறுமாதச் சேமிப்பையோ ஒரு வருஷ சிடியையோ (நிரந்தர வைப்பு) அங்கே வைத்தால்தான் அது உள்ளூர் கடனாக மாறும். வேறு ஊர்களில் இருப்பவர்கள் எஃப்டிஐசி வெளியிடும் சிறுபான்மையினர் வங்கிப் பட்டியலைப் பாருங்கள். செயலி வடிவில் வரும் சில சேவைகள் கறுப்பின நிறுவனமாக இருந்தாலும் வங்கி அல்ல, பணம் வேறொரு வங்கியில்தான் இருக்கும். செயலியின் அடியில் பொடி எழுத்தில் அந்த வங்கியின் பெயர் போட்டிருப்பார்கள்.

ஆபீசும் சங்கமும்

ஒரு தனி ஆள் வருஷம் முழுக்கச் செலவழிப்பதை ஆபீஸ் டீம் லஞ்ச் மூன்று தடவையில் தாண்டிவிடும். 40 பேருக்குச் சாப்பாடு என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், பாதித்தொகை முன்பணம் கேட்டால் கொடுங்கள், அந்தப் பணத்தில்தான் கோழி வாங்குவார்கள். எண்ணிக்கையை 72 மணிநேரத்துக்கு முன் உறுதிசெய்து, பிறகு மாற்றாதீர்கள். கம்பெனியில் வென்டராகப் பதிய டபிள்யூ-9 வரிப் படிவமும் பெரும்பாலும் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொல்லி ஆர்டர் ரத்தாவது வழக்கமான சோகம். இதைவிட மோசமானது 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் தருவது. பெரிய நிறுவனத்துக்கு அது பழக்கம், சிறுகடைக்கு அந்த மூன்று மாதம் கிரெடிட் கார்டு வட்டி. கம்பெனி கார்டில் அன்றே கட்ட முடியுமா என்று கணக்குப் பிரிவிடம் கேளுங்கள்.

விமர்சனம் எழுதுவது இலவச உதவி, ஆனால் எழுதும் விதம் இருக்கிறது. ஐந்து நட்சத்திரமும் 'சூப்பர்' என்ற ஒரு வார்த்தையும் யாருக்கும் பயன்படாது. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடம் ஆனது, கார் எங்கே நிறுத்தினீர்கள், சைவம் எது என்று எழுதுங்கள். யெல்ப்பில் புதுக் கணக்குத் திறந்து ஒரே ஒரு விமர்சனம் எழுதினால் அதன் மென்பொருள் அதை ஒதுக்கி வைத்துவிடும், ஆகவே கூகுளில் எழுதுவது மேல். குறை இருந்தால் முதலில் போன் செய்யுங்கள். ஆன்லைனில் வாங்கிய பொருள் தாமதமானால் கார்டு கம்பெனியிடம் புகார் கொடுக்கும் முன் ஒரு மெயில் போடுங்கள். 2020 ஜூனில் திடீரென்று வந்த ஆர்டர் வெள்ளத்தில் பல ஒற்றை ஆள் கடைகள் திணறின; அப்படிப்பட்ட நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டுக் குவியும் புகார்களே ஒரு கடையை மூடவைக்கும். புகாருக்குத் தனி அபராதக் கட்டணம் உண்டு, அது கடைக்காரர் தலையில்தான் விழும்.

கடையை வளர்க்க மூலதனம் கொடுக்க விரும்புகிறவர்களுக்குக் கீவா என்ற இணையக் கடன் தளம் ஒரு வழி. 25 டாலரிலிருந்து கடன் கொடுக்கலாம், அமெரிக்கச் சிறுதொழில்களுக்கு வட்டியில்லாமல் 15,000 டாலர்வரை சேரும். திரும்பி வராமலும் போகலாம் என்று எண்ணிக் கொடுங்கள். காஸில்பெர்ரி ஹில்லில் ஹெர்மன் ரஸ்ஸல் பெயரில் இயங்கும் தொழில்முனைவோர் மையத்துக்கு ஐடி, கணக்கு, மார்க்கெட்டிங் தெரிந்தவர்கள் நேரமும் கொடுக்கலாம்.

தமிழ்ச் சங்கமோ நண்பர் குழுவோ சேர்ந்து பரிசுத்தொகை கொடுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம், அதை யாரும் கேட்கமுடியாது. ஆனால் குறிப்பிட்ட இனத்தவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று போட்டி அறிவித்தால் நிலைமை வேறு. கறுப்பினப் பெண்களுக்கு 20,000 டாலர் மானியம் அறிவித்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட்மேல் 2023-ல் வழக்குப் போட்டார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பினத்தவரைக் காக்க வந்த 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தையே அவர்களுக்கு எதிராகக் காட்டினார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குத் தடை விதித்தது, செப்டம்பரில் சமரசம் ஆகித் திட்டம் முடிந்தது. ஆகவே தகுதியை ஊர்ப்பகுதி, ஆண்டு விற்பனை, ஊழியர் எண்ணிக்கை என்று வரையறுத்து, அறிவிப்பு வெளியாகும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.